பள்ளிச் செய்தி வீடு சேரும் வழி

தொடக்கப் பள்ளியில் பயிலும் குழந்தையின் புத்தகப் பையை மாலை வேளையில் கவிழ்த்துப் பார்த்தவர்க்கு, அதன் அடியில் நான்காக மடித்த காகிதத் துண்டு ஒன்று பெரும்பாலும் தட்டுப்பட்டிருக்கும். சோற்றுப் பாத்திரத்தின் ஈரம் பட்டு எழுத்துகள் பாதி கரைந்திருக்கும். பென்சில் சீவலும் பிஸ்கட் தூளும் ஒட்டியிருக்கும். பிரித்துப் படித்தால், பள்ளித் தலைமையாசிரியர் பெற்றோரைக் கூட்டத்திற்கு அழைத்த அறிவிப்பு அது என்பது விளங்கும். கூட்டமோ முந்தின நாளே முடிந்திருக்கும். பள்ளியைக் கேட்டால், "அறிவிப்பு அனுப்பினோமே" என்பார்கள். வீட்டைக் கேட்டால், "ஒன்றும் வரவில்லையே" என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மையே.

இதனைச் சிறு செய்தி என்று ஒதுக்கிவிடலாகாது. பள்ளியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் செய்திகள் எவை என்று எண்ணிப் பாருங்கள். தேர்வு என்று தொடங்கும், விடுமுறை என்று முடியும், தடுப்பூசி போட மருத்துவர் என்று வருவார், உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழின் நகலை எந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும், மாநகராட்சி இலவசமாக வழங்கும் 27 வகைப் பொருள்களுள் சீருடையும் காலணியும் எப்போது கிடைக்கும் என்பன போன்றவை அவை. இவற்றுள் ஒன்று தவறினால் ஓர் ஏழைக் குடும்பத்திற்கு நேரும் இழப்பு, செல்வர் வீட்டில் நேரும் இழப்பினும் பன்மடங்கு பெரிது. தாராவியில் வீட்டுவேலை செய்து பிழைக்கும் ஒரு தாயை நாம் அறிவோம். வங்கிக் கணக்கின் எண்ணை ஒரு குறித்த நாளுக்குள் எழுதித் தரவேண்டும் என்ற அறிவிப்பு அவர் கைக்கு வந்தது. அவர் அதனை மடித்துச் சாமி படத்தின் பின்னே பத்திரமாக வைத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த காகிதம் ஆதலின் மதிப்புக்குரியது என்பது அவர் கருத்து. அதில் எழுதியிருந்தது மராட்டி. அவ்வாண்டு அவர் மகளுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை.

மும்பையில் இவ்விடர் ஏன் கூடுதலாக இருக்கின்றது என்பதைச் சற்றுக் காண்போம். 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் தொடக்கக் கல்வியை மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. அக்கடமையை மாநகராட்சி இன்று எட்டு மொழிகளில் ஆற்றி வருகின்றது. மராட்டி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு தமிழும் அவற்றுள் ஒன்று. ஒரு நகராட்சி மன்றம் எட்டு மொழிகளில் பள்ளி நடத்துவது உலகில் எளிதிற் காணக்கூடியதன்று. இதற்காக மும்பையைப் பாராட்டுதல் வேண்டும். அரசியலமைப்பின் 350-அ பிரிவும், 1956-இல் ஏழாம் திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்டது, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியிற் கற்க வசதி செய்யவேண்டும் என்று மாநிலங்களைப் பணிக்கின்றது. பாடநூல் தமிழில் வருகின்றது. ஆசிரியர் தமிழில் கற்பிக்கின்றார். ஆனால் மேலிடத்துச் சுற்றறிக்கை மராட்டியில் வருகின்றது. அதனைப் பெற்றோருக்கு ஏற்ற தமிழில் ஆக்குவது யாருடைய வேலை என்பது எங்கும் எழுதப்படவில்லை போலும். நல்ல ஆசிரியர் ஒருவர் இரவில் உட்கார்ந்து தாமே எழுதிவிடுகின்றார். மற்ற இடங்களில் மூலமே நகலெடுத்துக் கொடுக்கப்படுகின்றது.

தமிழ்வழிப் பள்ளியின் நிலை இதுவெனில், தமிழ்க் குடும்பத்துக் குழந்தை ஆங்கிலவழியிலோ மராட்டிவழியிலோ பயிலும் பள்ளியின் நிலை வேறு. இன்று அத்தகைய குழந்தைகள் மிகப் பலர். தாய் தமிழ் மட்டும் படிப்பார், அல்லது எதுவும் படிக்கமாட்டார். குழந்தை தமிழ் பேசும், படிக்காது. அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும். அதனைப் படித்துத் தாய்க்குப் பொருள் சொல்லும் பொறுப்பு எட்டு வயதுக் குழந்தையின் தலையில் விழுகின்றது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இக்குழந்தைகளின்மேல் ஒரு பரிவு உண்டு. எனினும் ஒன்றைச் சொல்லவேண்டும். தனக்குப் பாதகமான செய்தியை நேர்மையாக மொழிபெயர்க்கும் மொழிபெயர்ப்பாளரை அவ்வயதில் எதிர்பார்க்க இயலாது. "உங்கள் மகன் பத்து நாளாக வீட்டுப்பாடம் எழுதவில்லை, நேரில் வந்து காண்க" என்ற வரி, வீட்டில் "நாளைக்குக் கலர் பென்சில் கொண்டுவரச் சொன்னாங்க" என்று ஆகிவிடுவதுண்டு.

சொற்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். மும்பைத் தமிழர் பேச்சில் மராட்டிச் சொற்கள் கலந்திருப்பது இயல்பு. ஒரு நூற்றாண்டுக்கு மேலான உறவு அது. விடுமுறையைச் 'சுட்டி' என்கிறார்கள். சம்பளத்தைப் 'பகார்' என்கிறார்கள். "டீச்சர், நாளைக்குச் சுட்டியா?" என்று கேட்கும் குழந்தையின் பேச்சைத் திருநெல்வேலியிலிருந்து வந்த பாட்டி கேட்டால், 'யார் அந்தச் சுட்டிப் பிள்ளை?' என்று வியப்பார். இவற்றால் தீங்கொன்றும் இல்லை. தீங்கு வருவது, மராட்டி அறிவிப்பைச் சொல்லுக்குச் சொல் தமிழெழுத்தில் எழுதி அனுப்பும்போதுதான். மராட்டியில் பெற்றோரைக் குறிக்கும் சொல்லையும், சிறுவரைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாலக்' என்றே வரும். நம் எழுத்தில் வல்லினத்திற்கு ஒரே வடிவம் அன்றோ! 'பாலக் சபா' என்று தமிழில் எழுதி ஒட்டிய பலகையைப் பார்த்த தமிழ்த் தந்தை, இது பாலகர் கூட்டம், நமக்கு இங்கே வேலையில்லை என்று போனால் அவரைக் குறை கூற முடியுமா? இந்தியில் கல்வியைக் குறிக்கும் 'சிக்ஷா' என்ற சொல் மராட்டியில் தண்டனையைக் குறிக்கும். ஆண்டு விழாவுக்கு மராட்டிப் பள்ளிகளில் வழங்கும் பெயர் 'சிநேக சம்மேளனம்'. அதனை 'நட்பு மாநாடு' என்று தமிழாக்கியதை நாமே கண்டிருக்கிறோம். சொல்லுக்குச் சொல் நேராகத்தான் இருந்தது. ஆனால் தன் மகள் கும்மியடிக்கப் போகின்றாள், வந்து பார்க்கவேண்டும் என்ற செய்தி அதில் எந்தத் தாய்க்கும் கிடைத்திராது.

ஆதலின் பள்ளி அறிவிப்பை எழுதுவோர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றே. மொழிபெயர்க்க வேண்டா, பெற்றோரிடம் நேரில் சொல்வதாக எண்ணி எழுதுங்கள். 'மேற்கண்ட பொருள் குறித்துத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது யாதெனில்' என்று தொடங்கும் அறிவிப்பில், செய்தி நான்காம் வரியில்தான் தலைகாட்டும். அவ்வளவு தூரம் படிக்கப் பொறுமை யாருக்கு இருக்கும்? அரசு அலுவலகங்களில் நாமும் இவ்வகை வாசகங்களை ஏராளமாக எழுதியிருக்கிறோம். அலுவலகத்திற்கு அவை பொருந்தலாம். குழாயடியில் நின்று படிக்கும் தாய்க்குப் பொருந்தா. முதல் வரியிலேயே நாளும் கிழமையும் நேரமும் வரட்டும். அடுத்த வரியில் எங்கே, எதற்கு என்பது வரட்டும். மூன்றாவதாக, கையில் என்ன கொண்டுவர வேண்டும் என்பது. எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

"சனிக்கிழமை காலை 11 மணி. இரண்டாம் வகுப்பு அறைக்கு வாருங்கள். உங்கள் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று சொல்வோம். நீங்கள் கேட்பதற்கும் பதில் சொல்வோம். ஒன்றும் கொண்டுவர வேண்டாம். பணம் எதுவும் இல்லை. அம்மா, அப்பா, பாட்டி, அக்கா யார் வந்தாலும் சரி."

'பணம் எதுவும் இல்லை' என்ற சொற்களுக்கு உள்ள வலிமையை அனுபவமுள்ள ஆசிரியர்கள் அறிவார்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே ஏதோ கேட்கப் போகிறார்கள் என்றோ, பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லப் போகிறார்கள் என்றோ அஞ்சும் வீடுகள் உண்டு. அவ்வச்சம் முன்னைய அனுபவத்தால் வந்தது.

எழுதினால் மட்டும் போதுமா? நேரத்தைக் குறிப்பதிலும் கருத்து வேண்டும். தாராவியில் தமிழர் குடியேற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்தோரால் வளர்ந்தது. இன்று அங்கே உள்ள தமிழர் தொழில்கள் பலவகை. இட்டிலி அவித்து, விடியுமுன் அலுமினியப் பாத்திரத்தில் ஏற்றி நகரெங்கும் விற்கச் செல்வோர் நண்பகலில்தான் திரும்புவர். வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள் காலையில் ஒரு வீடு, பிற்பகலில் இரண்டு வீடு என்று ஓடுவர். மாதுங்காவில் நிலை வேறு. அலுவலகங்களிற் பணிபுரிவோர் மிகுந்த பகுதி அது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியதும் அங்கேதான். அங்குள்ள பெற்றோர்க்குச் சனிக்கிழமை வசதி. செம்பூரிலோ, ஒரே சாலையின் இருபுறத்திலும் இரு வகைக் குடும்பங்கள் உள்ளன. ஆக, புதன்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டம் என்று ஓர் ஆணை எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக வந்தால், அது யாருக்கும் பொருந்தாத நேரமாகவே முடியும். ஒரு நாள் கூலியை இழந்து வருவதற்குத் தகுந்த செய்தி அங்கே கிடைக்கும் என்று தாய்க்குத் தோன்றினாலன்றி அவர் வரமாட்டார். வராமைக்கு அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்வது நியாயமன்று.

ஊருக்குப் போகும் பயணத்தையும் இங்கே நினைக்கவேண்டும். கோடையில் மும்பைத் தமிழ்க் குடும்பம் ஊருக்குப் போவது கேளிக்கைக்காக மட்டும் அன்று. கோயிற்கொடை இருக்கும், தங்கை திருமணம் இருக்கும், பங்காளிகளோடு பேசித் தீர்க்கவேண்டிய நிலத்தகராறு ஒன்று இருக்கும். நாகர்கோவில் வண்டியிலும் திருநெல்வேலி வண்டியிலும் அக்காலத்தில் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. பயணச்சீட்டு முன்பதிவு 2024 அக்டோபர் முடிய 120 நாள்களுக்கு முன்பே தொடங்கியது. 2024 நவம்பர் முதல் நாளிலிருந்து அது 60 நாளாகக் குறைக்கப்பட்டது. எப்படிப் பார்த்தாலும், ஏப்ரல் இறுதியில் தேர்வு முடியும் நாளைப் பிப்ரவரியிலேனும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். 2025-இல் மகாராட்டிரத்தில் ஒன்று முதல் ஒன்பது வகுப்புகளுக்கு ஆண்டுத் தேர்வு ஏப்ரல் 25 வரை நீளும் என்று அறிவிக்கப்பட்டபோது, முன்னரே சீட்டெடுத்துவிட்ட குடும்பங்கள் பட்ட இடரை எளிதில் ஊகிக்கலாம். சீட்டை விடுவதா, தேர்வை விடுவதா என்ற கேள்வி எழும்போது, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தேர்வே பெரும்பாலும் தோற்கும். ஜூன் நடுவில் பள்ளி திறக்கும் நாளும் அவ்வாறே. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் நாளும் மும்பைப் பள்ளிகளின் நாளும் ஒன்றல்ல என்பது ஊரில் இருப்போர்க்குத் தெரியாது. கோடை விடுமுறைக்கு முன் கொடுக்கும் கடைசிக் காகிதத்தில் திறக்கும் நாளைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டால், திரும்பும் சீட்டையும் அதற்கேற்ப எடுப்பார்கள்.

இனிக் கைப்பேசியைப் பற்றி. இந்நாளில் எல்லாச் செய்தியும் வாட்ஸப் குழுவில் போகின்றதே, காகிதம் எதற்கு என்று கேட்போர் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, பாடமும் செய்தியும் கைப்பேசி வழியாகவே வீடுகளுக்குச் சென்றன என்பது உண்மை. அவ்வழி இல்லையேல் பல பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் தொடர்பே அற்றுப்போயிருக்கும். ஆயினும் அது எல்லா வீடுகளையும் சென்றடைந்தது என்று கொள்ளலாகாது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் தந்தையின் சட்டைப்பையில். அவர் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வரும்போது குழுவில் அறுபது செய்திகள் குவிந்திருக்கும். அவற்றுள் ஐம்பது காலை வணக்கங்களும் பூக்களின் படங்களும். நாளைத் தேர்வு பற்றிய ஒரு வரி அவற்றின் நடுவே புதைந்து கிடக்கும். கட்டணம் தீர்ந்துபோன கைப்பேசிக்கு அதுவும் வாராது. மும்பையில் ஒன்று முதல் ஏழு வரையுள்ள வகுப்புகள் 2021 டிசம்பர் 15-இல் திறக்கப்பட்டன. 2022 சனவரி 4-இல் மீண்டும் மூடப்பட்டன. சனவரி 24-இல் மறுபடியும் திறக்கப்பட்டன. ஆறு வாரத்துக்குள் மூன்று அறிவிப்புகள்! பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்குச் சென்று தங்கியிருந்த குடும்பங்கள் இவற்றுள் எதை நம்பிப் பெட்டியைக் கட்டுவது? அத்தகைய நாள்களில் ஆசிரியர் ஒருவர் தாமே தொலைபேசியிற் கூப்பிட்டு, "அம்மா, திங்கட்கிழமை பள்ளி உண்டு, பிள்ளையைக் கூட்டிவாருங்கள்" என்று சொன்ன ஒரு வார்த்தை, நூறு குறுஞ்செய்தியினும் மேலானது.

கைப்பேசியில் உண்மை மட்டும் வருவதில்லை என்பது இன்னொரு தொல்லை. 2018 சூலை முதல் நாளன்று, இதே மகாராட்டிரத்தில், துளே மாவட்டத்து ரைன்பாடா என்னும் சிற்றூரில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் ஐந்து பேரை அடித்துக் கொன்றது. பிள்ளைகளைப் பற்றிய அச்சம் எத்துணை விரைவில் பற்றி எரியும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. அதற்கு முந்திய ஆண்டு, 2017 பிப்ரவரியில், தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோதும் வதந்திகள் கைப்பேசிகளிற் பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். மகாராட்டிரத்தில் அவ்வியக்கம் 2018 நவம்பர் 27-இல் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்க்கு ஊசி, பெரும்பாலும் பள்ளிகளிலேயே. மும்பையிலும் தயங்கியோர் இருந்தனர். ஊரிலிருந்து மாமன் அனுப்பிய செய்தி ஒன்று, பள்ளியிலிருந்து வந்த காகிதம் ஒன்று. இரண்டில் எதை நம்புவது? பள்ளி அதுவரை அந்த வீட்டோடு வேறெதுவும் பேசியிராவிட்டால், மாமனே வெல்வார். ஆண்டு முழுதும் அன்பாகவும் ஒழுங்காகவும் செய்தி அனுப்பிவந்த பள்ளியாயின், அதன் சொல்லுக்கு அன்று மதிப்பு இருக்கும். 2022-இன் இறுதியில், செம்பூருக்கு அடுத்த கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் சிலர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடவில்லை. தடுப்பூசி எட்டாத வீடுகளுக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. உரியவர் வாயிலிருந்து உரிய நேரத்தில் செய்தி வராமையும் அவற்றுள் ஒன்று.

சில செய்திகளை நிகழ்ச்சி நடக்கும் நாளிற் சொல்ல இயலாது. முன்னமே சொல்லி வைத்திருக்க வேண்டும். 2005 சூலை 26-ஆம் நாளை மும்பையிலுள்ளோர் மறவார். சாந்தாகுரூசு வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மின்சார ரயில்கள் நின்றன. சாலைகளில் கழுத்தளவு நீர். தொலைபேசிகள் பல இடங்களில் செயலற்றன. பிள்ளைகள் பலர் இரவெல்லாம் பள்ளியிலேயே தங்கினர். ஆசிரியர்கள் கையிலிருந்த பிஸ்கட்டையும் தண்ணீரையும் பகிர்ந்து கொடுத்து உடனிருந்தனர். மறுபுறம், பிள்ளை எங்கே என்று தெரியாமல் வெள்ளத்தில் இறங்கி நடந்த பெற்றோர் எத்தனை பேர்! பள்ளியில் இருந்த குழந்தை பத்திரமாக இருந்தது. தேடிப் புறப்பட்ட தாய்தந்தையரே பேரிடரில் இருந்தனர். இதிலிருந்து பெறக்கூடிய ஏற்பாடு மிக எளியது. பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே எல்லா வீடுகளுக்கும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மழை மிகுந்தால் எந்தக் குழந்தையையும் தனியே வெளியே விடமாட்டோம், பெயர் எழுதிக்கொடுத்தவர் வந்து கையெழுத்திட்டால்தான் அனுப்புவோம், அதுவரை எத்தனை மணியானாலும் ஆசிரியர் ஒருவர் உடனிருப்பார், வெள்ளத்தில் இறங்கி வரவேண்டா. கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலளவு நீர் தேங்குவது ஆண்டுதோறும் காணும் காட்சி. காலை முறையும் பிற்பகல் முறையும் மாறும் நேரத்தில் அவ்வாறு தேங்கினால், ஒரு முறைப் பிள்ளைகள் வெளியேறவும் மறுமுறைப் பிள்ளைகள் உள்ளே வரவும் இயலாமல் நேரும் குழப்பத்தைத் தலைமையாசிரியர்கள் நன்கறிவார்கள். பெற்றோர்க்கு முன்னரே விதி தெரிந்திருந்தால் குழப்பம் பாதியாகக் குறையும்.

சட்டமும் இதில் வாய் திறக்காமல் இல்லை. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகின்றது. நேரந்தவறாமை, பாடத்திட்டத்தை முடித்தல் ஆகியவற்றோடு, பெற்றோருடன் ஒழுங்காகக் கூட்டங்கள் நடத்திக் குழந்தையின் வருகை, கற்கும் ஆற்றல், கற்றலில் கண்ட முன்னேற்றம், பிற செய்திகள் ஆகியவற்றைத் தெரிவித்தலும் அங்கே கடமையாகக் கூறப்பட்டுள்ளது. ஆகவே வீட்டுக்குச் செய்தி சொல்வது ஆசிரியர் மனமுவந்து செய்யும் உபகாரம் மட்டும் அன்று. பெற்றோர் கேட்டுப் பெறத்தக்க உரிமை. அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அரசுதவி பெறாத தனியார் பள்ளிகள் நீங்கலாக ஏனைய பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கின்றது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். விதி நல்ல விதியே. ஆனால் கூட்டக் குறிப்பேட்டில் மராட்டியில் எழுதிய தீர்மானத்தின் கீழே தமிழ்த்தாய் ஒருவர், அதில் என்ன இருக்கிறது என்று அறியாமல் கையெழுத்திடுவாராயின், அவரை உறுப்பினர் என்பது பெயரளவிலேதான். தீர்மானத்தை ஒருமுறை தமிழில் வாய்விட்டுச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

பள்ளியின் குறையையும் பெற்றோரிடம் மறைக்காமற் சொல்லலாம் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் நல்ல முன்மாதிரி உண்டு. 1950-களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று பட்டியல் எழுதி ஊரார்முன் வைத்தார்கள். கூரை ஒழுகுகிறது, கரும்பலகை இல்லை, பெஞ்சு நான்கு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஊரார் கொடுத்தார்கள். நிலம் கொடுத்தவர் உண்டு. ஒரு மணி கொடுத்தவரும் உண்டு. பள்ளியின் நிலை இன்னது என்று முதன்முதலாகத் தம்மை மதித்து ஒருவர் சொன்னதே அவர்கள் கையைத் திறந்தது என்பது நம் கருத்து.

சப்பானில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் பையில் 'ரென்ராக்குச்சோ' என்றொரு தொடர்புக் குறிப்பேடு இருக்கும். நாளைக்கு என்ன கொண்டுவரவேண்டும் என்பதைக் குழந்தையே அதில் எழுதும், பெற்றோர் பார்ப்பர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெற்றோர் எழுதுவர், ஆசிரியர் பார்ப்பார். இரு பக்கமும் எழுதுவதே அதன் சிறப்பு. நம் பள்ளிகளிலும் 'டைரி' உண்டு. அதில் பெற்றோர் கையெழுத்துப் போட இடம் விட்டிருப்பார்கள். பெற்றோர் எழுத இடம் விடுவது குறைவு. எழுதத் தெரியாத தாய்க்கும் பதில் சொல்ல வழி வேண்டும். வகுப்பு முடியும் நேரத்தில் வாயிலில் ஆசிரியர் பத்து நிமிடம் நின்றால் அவ்வழி கிடைத்துவிடும். "டீச்சர், வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளை நாலு நாள் வரமாட்டான்" என்ற செய்தி அவ்விடத்தில்தான் வரும். அது வராதபோதுதான் ஏட்டில் 'காரணமின்றி வரவில்லை' என்று விழுகின்றது.

செய்தியை ஒலிபரப்ப மும்பைச் சந்துகளில் குழந்தைகளைப் போன்ற கருவி வேறில்லை. டிராம்பே பகுதியின் சனதா காலனியில், 1960-களில், கோலார் தங்கவயலிலிருந்து வந்த இளைஞரான சோக்கின் அற்புதம் சிறுவர்களைத் திரட்டி வகுப்பு நடத்தினார். காலனியில் குப்பை அள்ளப்படவில்லை. சிறுவர்கள் குப்பையைப் பொட்டலம் கட்டி எடுத்துச் சென்று மாநகராட்சி அலுவலகத்தின்முன் போட்டார்கள், குப்பை அள்ளப்பட்டது. அவ்வற்புதமே பின்னாளில், 2000-இல், மகசேசே விருது பெற்றவர். வகுப்பில் குழந்தைகள் அறிவிப்பை ஒருமுறை சேர்ந்து வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கலைந்தால், காகிதம் பையின் அடியிற் புதைந்தாலும் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேரும். "அக்கா, இதுல என்ன போட்டிருக்கு?" என்று அடுத்த வீட்டில் கேட்கவேண்டிய தேவையும் குறையும்.

அந்தச் சனதா காலனி 1976 மே மாதத்தில் இடிக்கப்பட்டது. அங்கிருந்த பல்லாயிரம் பேர் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். தமிழர் அவர்களுள் மிகப் பலர். குடியிருப்பு பெயரும்போது குழந்தையின் பள்ளிப் பெயர்ப்பதிவும் கூடவே பெயர்ந்தாக வேண்டும். தாராவியில் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. எந்த வீட்டுக்கு எங்கே இடம், எப்போது என்ற பேச்சே இன்று குழாயடியிலும் கடைவாசலிலும். இந்நிலையில் பள்ளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் தாய், தந்தை ஆகியோரின் எண்களோடு, ஊரிலுள்ள தாத்தா அல்லது மாமன் ஒருவரின் எண்ணையும் கேட்டு ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். மும்பை எண்கள் மாறினாலும் ஊர் எண் எளிதில் மாறுவதில்லை. இடம் பெயர்வதானால் மாற்றுச் சான்றிதழை எவ்வாறு பெறுவது, புதிய இடத்துக்கு அருகே தமிழ்வழிப் பள்ளி உண்டா, இல்லையேல் வேறு எந்தப் பள்ளி என்பதை எழுதிய ஒரு தாளை, வீடுகள் காலியாகத் தொடங்குமுன் பெற்றோர் கையில் கொடுத்துவிடலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே இவ்வேலையைத் தொடங்குவதற்குத் தடையொன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.